குந்த வை, மாமு

ஏட்டி கஸ்தூரி, என் அன்புச் சண்டைக்காரியே,

நீ இருக்கும் இடத்தில் ஈஸ்ட் கிடைக்குமா? கிடைத்தால் இந்நேரம் அங்கே இருப்பவர்களை ஒரு வழி பண்ணியிருப்பாய். "கைய கழுவினியா? அந்தக் கையாலயா டியூப்ப தொட்ட?" என்று எமனையே நிற்க வைத்துக் கேட்டிருப்பாய். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இதைச் சந்தோஷமாக உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்காக அழ வேண்டியதை அழுது முடித்தாயிற்று. இப்போது என்னிடம் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன், ஆனால் உன்னிடம் சொல்லாததால் இன்னும் யாரிடமும் சொல்லாத மாதிரியே இருக்கிறது. நல்லது நடந்தால் முதலில் உன்னிடம் ஓடிவந்தே பழகிவிட்டேன், என்ன செய்ய?

முதலில் வீட்டுச் செய்தி. உன் அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மூக்கு உன் மூக்கு. குரலும் உன்னுடையதுதான், பசித்தால் குப்பத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிறது. உன் பெயரை வைப்பார்கள் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். உன் அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "அதெல்லாம் வோணாம். ஒரு கஸ்தூரிய வெச்சிகினு இந்தத் தெரு பட்ட பாடு போதும்." கோபித்துக்கொள்ளாதே. அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை.

உன் ஸ்கூட்டரை அண்ணிதான் ஓட்டுகிறாள். ஹாரன் மட்டும் இன்னும் உன் பேச்சைத்தான் கேட்கிறது. ஒரு தரம் அமுக்கினால் தானாக நிற்பதில்லை. திருவொற்றியூர்த் தெருக்களில் எங்கே அந்தச் சத்தம் கேட்டாலும் என் தலை தானாகத் திரும்புகிறது. பிறகு அண்ணியைப் பார்த்துக் கையாட்டிவிட்டு நடக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக நம் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், கொட்டாவி விடாமல் கேள்.

நான் திசையன்விளைப் பக்கத்துப் பெண். வேலை கிடைத்து வந்தபோது காலடிப்பேட்டையில் சித்தப்பாவின் மொத்த மளிகைக் கடைக்கு மேலே மாடியில் தங்கினேன். மாத்தூரில், பழைய கிடங்கு ஒன்றை மாற்றிக் கட்டிய நம் ஆய்வுக்கூடத்துக்கு முதல் நாள் வந்தபோது நீ ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளி, "குந்து மாமு" என்றாய். எனக்குப் பின்னால் யாராவது ஆண்பிள்ளை நிற்கிறானா என்று திரும்பிப் பார்த்தேன்.

"மாமுன்னா ஆம்பளைய இல்லா சொல்லுவாவ?" என்று கேட்டேன்.

"எங்க பேட்டைல தோஸ்துன்னா மாமுதான். ஆம்பளையின்னா இன்னா, பொம்பளையின்னா இன்னா? குந்து, காலு வலிக்கப் போவுது."

அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். அதற்குப் பிறகு நம்மைத் தனித்தனியாக யாரும் பார்த்ததில்லை.

நாம் செய்த வேலை இதுதான். எண்ணூர் முகத்துவாரத்துச் சேற்றில், எண்ணெயைத் தின்று பிழைக்கிற ஒரு பாக்டீரியா இருக்கிறது. சேற்றை முழங்கால் வரை இறங்கி அள்ளிக்கொண்டு வந்தவள் நீ. "எங்க நைனா இதே சேத்துலதான் எறா புடிச்சாரு. அதுல எண்ணெய துன்ற ஆளு ஒருத்தன் கீறான்னா அவன நான் பாத்தே ஆவணும்" என்றாய். அந்தத் தின்னும் வித்தை முழுவதும் அதன் டிஎன்ஏவில் ஒரு நீண்ட பகுதியில் இருக்கிறது. அதை அப்படியே எடுத்து, ஆய்வுக்கூடத்தில் சமர்த்தாக வளரும் இன்னொரு பாக்டீரியாவுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவு நீளத்தை ஒரே துண்டாகக் கையாண்டால் அறுந்துவிடும்.

அதனால் துண்டு துண்டாகச் செய்தோம். ஒவ்வொரு துண்டின் வால் எழுத்துகளும் அடுத்த துண்டின் தலை எழுத்துகளும் ஒன்றாக இருக்கும்படி அமைத்து, எல்லாவற்றையும் ஈஸ்ட்டுக்குள் அனுப்புவோம். ரொட்டியைப் பொங்க வைக்கும் அதே ஈஸ்ட்தான். ஒரே மாதிரி முனைகளைக் கண்டால் அது சும்மா இருக்காது. எது எதோடு சேரும் என்று தானே பார்த்து ஒட்டிவிடும். துண்டுகளைத் திட்டமிடுவது என் வேலை. அவற்றை ஈஸ்ட்டுக்குள் அனுப்புவது உன் வேலை.

அந்த 'பாதி டிக்கெட்' நினைவிருக்கிறதா? ஆரம்பத்தில் ஈஸ்ட் நம்மை நன்றாக ஏமாற்றியது. எல்லாத் துண்டுகளையும் சேர்க்காமல், பிழைப்பதற்கு வேண்டிய ஒரே ஒரு மரபணுவை மட்டும் எடுத்துக்கொண்டு சொகுசாக வளர்ந்தது. நான் அந்த மரபணுவை இரண்டாக வெட்டி, பாதியை ஒரு துண்டிலும் மீதியை அடுத்த துண்டிலும் வைத்தேன். இரண்டும் சரியாகச் சேர்ந்தால்தான் ஈஸ்ட்டுக்கு உயிர். உன்னிடம் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். நீ பாதியிலேயே கையைத் தட்டினாய்.

"அடிப்பாவி! பாதி டிக்கெட் இவனாண்ட, பாதி டிக்கெட் அவனாண்ட. ரெண்டு பேரும் சேந்து வந்தாக்கண்டி உள்ள வுடுவ. சோக்கா கீது மாமு!"

அன்றிலிருந்து நம் கூடத்தில் அதற்கு வேறு பெயர் கிடையாது. நம் தலைவர்கூட, நாம் 'சார்' என்று கூப்பிடும் அந்தக் கண்டிப்பான மனிதர்கூட, ஒரு கூட்டத்தில் வாய் தவறிப் 'பாதி டிக்கெட்' என்று சொல்லிவிட்டு இருமினார்.

டிக்கெட் என்னுடையது என்றாலும் வண்டியை ஓட்டியவள் நீ. துண்டுகள் உள்ளே போவதற்கு ஈஸ்ட்டின் கெட்டியான மேலுறையை முதலில் கரைக்க வேண்டும். உறை போன ஈஸ்ட் ஒரு மெல்லிய தோலோடு நிற்கும். கொஞ்சம் தண்ணீர் மாறினால் வெடிக்கும், கொஞ்சம் வேகமாக உறிஞ்சினால் கிழியும். மற்றவர்கள் செய்தால் ஈஸ்ட் முளைக்க வேண்டிய தட்டு, வழித்த தோசைக்கல் மாதிரி வெறுமையாக இருக்கும். நீ செய்தால் தட்டு நிறையக் காலனிகள், வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வைத்த மாதிரி முளைத்திருக்கும்.

"கஸ்தூரிக்குக் கைராசி" என்றார் சார். மெச்சித்தான் சொன்னார். உனக்கு வந்ததே கோபம்!

"சார், எங்காண்ட ஒருத்தரு வலை போட்டா எப்பவும் மீனு மாட்டும். அவர கைராசிக்காரருன்னுவாங்க. அவரு எப்ப போறாரு, எந்தத் தண்ணில போடுறாரு, யாரும் கேக்க மாட்டாங்க. கைராசின்னு சொல்ட்டா அவரு பண்ற வேல அல்லாம் காணாம பூடும். எனக்கு அந்தப் பேரு வோணாம் சார்."

நான் அதன் பிறகும் உன்னைச் சீண்டுவதற்கென்றே "கைராசி வந்தாச்சா?" என்று தினமும் கேட்பேன். நீ கையுறையைக் கழற்றி என் மேல் எறிவாய்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. ஒரு கொசு, கஸ்தூரி. புயல் கூண்டு ஏற்றிய நாளில்கூட அண்ணனோடு படகில் ஏறப் பார்த்தவள் நீ, உன்னைக் கொண்டுபோக ஒரு கொசு போதுமாக இருந்தது. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். அந்தக் கொசுவுக்கு இந்த மரியாதையே அதிகம்.

நீ போகும்போது சிறிய துண்டுகள் சேர்ந்திருந்தன. முழு நீளம் சேரவில்லை. உன் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நீ செய்வதைப் பக்கத்து மேசையிலிருந்து எத்தனை தரம் பார்த்திருக்கிறேன், எனக்கு வராதா என்று ஒரு தைரியம். நீ செய்த வரிசையிலேயே எழுதி வைத்துக்கொண்டு செய்தேன். நீரை உறிஞ்சும் பிப்பெட்டுக்கு நுனி வெட்டிய முனை, கழுவிக் கையுறை போட்ட கை, எல்லாம் உன் மாதிரியே. தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. மறுபடி செய்தேன். அதுவும் வெறுந்தட்டு.

சார் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"செய்து காட்ட முடியாத ஒன்றை முறை என்று எப்படிம்மா எழுதுவது? மழைக்காலம் முடியட்டும், அதுவரை பார். வரவில்லையென்றால் ஈஸ்ட்டை விட்டுவிடுவோம். கஸ்தூரி பெயரைக் கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில் போட்டுவிடலாம்."

நன்றியாம்! ஏசி ரிப்பேர் செய்தவருக்கும் நாம் அங்கேதான் நன்றி சொல்வோம். உன் கை செய்த அத்தனை வேலையும் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாகப் போய்விடும் என்று நினைத்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதைவிட மோசம் என்ன தெரியுமா? ஒவ்வொரு வெறுந்தட்டையும் குப்பையில் போடும்போது எனக்கே தோன்ற ஆரம்பித்தது: ஒருவேளை கைராசிதானோ? நீ வெறுத்த அந்தச் சொல்லை உன் மாமுவே நம்பிவிடுவேனோ என்று பயந்தேன்.

இந்த நிலையில்தான் உன் வருட நினைவு நாள் வந்தது.

உன் வீட்டில் படையல். உனக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள். பஜ்ஜி, பாதாம் பால், கல்மண்டபத்துக் கடை அல்வா, எல்லாவற்றுக்கும் மேலே உன் நெத்திலிக் குழம்பு. முற்பகலில் கூடம் நிறைய ஆட்கள். நான் கழுவிய வாழை இலையோடு அடுப்படி வாசலில் நின்றேன். உன் அண்ணி குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கரண்டியைப் போட்டாள். உன் அம்மா போட்ட சத்தத்தில் இலை என் கையிலிருந்து நழுவியது.

"ஏய்! கரண்டிய எடு! குந்த வைன்னு சொன்னேன்ல?"

"எறக்கி வெச்சிட்டேனே அத்த!"

"எறக்கி வெக்கிறது வேற, குந்த வெக்கிறது வேற. கொதியோட கலக்குனா மீனு அல்லாம் ஒடஞ்சி கொயகொயன்னு பூடும். அப்பிடியே வுடு. அதுவா அடங்கட்டும். அப்பால தொடு."

கஸ்தூரி, நான் அப்படியே நின்றுவிட்டேன்.

ஏனென்றால் அந்த வார்த்தை உன் வார்த்தை. ஈஸ்ட்டும் துண்டுகளும் கலந்தாயிற்று, சுழலவிட்டு அடியில் படிய வைத்தாயிற்று, மேலே அதற்கு வேண்டிய சத்து நீரை மெதுவாக ஊற்றியாயிற்று. அப்போது நீ டியூபை என் பக்கம் நீட்டுவாய். "மாமு, இத்த குந்த வை" என்பாய். எங்கள் ஊரில் குந்து என்ற சொல் இல்லை, உக்காரு என்றுதான் சொல்வோம். உன்னிடம்தான் அதைக் கற்றுக்கொண்டேன். குந்த வை என்றால் உட்கார வை. டியூபை எங்கே உட்கார வைப்பார்கள்? ஸ்டாண்டில். நான் வாங்கி ஸ்டாண்டில் வைத்துவிட்டு என் கணினிக்குப் போய்விடுவேன். பிறகு நீ எப்போது வந்து அதை எடுத்தாய் என்று நான் பார்த்ததே இல்லை.

அதனால் என் வரிசையில் எப்படி எழுதியிருந்தேன் தெரியுமா? 'ஸ்டாண்டில் வைக்கவும். கலக்கவும்.' ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டில் வைத்தேன், உடனே எடுத்து, அடியில் படிந்திருந்ததைப் பிப்பெட்டால் கலக்கினேன். தோல் மட்டும் மிஞ்சிய அந்தப் பாவப்பட்ட உயிர்களைக் கரண்டி போட்டு உடைத்திருக்கிறேன்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படையல் வீட்டில், உன் படத்துக்கு முன்னால், வாய்விட்டுச் சிரித்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா கண்ணு, மெர்சலாயிட்ட?" என்று உன் அம்மா பயந்துபோய்க் கேட்டார்.

"அம்மா, கஸ்தூரியும் இப்படித்தான் சொல்லுவாளா? குந்த வைன்னு?"

"பின்ன? நெத்திலி ஒடஞ்சிதுன்னா அவளுக்குச் சோறு எறங்காது. நான் மறந்து பூட்டாலும் அவ அடுப்பாண்ட வந்து நின்னுகினு கத்துவா. யாரையும் கிட்ட வுட மாட்டா."

அன்று உன் நெத்திலிக் குழம்பை நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு மீன்கூட உடையவில்லை.

மறுநாள் காலையில் கூடத்துக்குப் போனேன். சத்து நீரை ஓரமாக வழியவிட்டு ஊற்றினேன். டியூபை ஸ்டாண்டில் உட்கார வைத்தேன். கலக்கவில்லை, ஆட்டவில்லை, தொடவில்லை. உன் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். "ஏட்டி, இதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று உன்னை நன்றாகத் திட்டினேன். திட்டி முடித்தபோது தோன்றியது, நீ விளக்கமாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் உன் தமிழ் அரைகுறை.

அவ்வப்போது எட்டிப் பார்த்தேன். அடியில் பிடித்திருந்த வெள்ளைப் படிவம் ஓரத்திலிருந்து மெல்ல அவிழ ஆரம்பித்தது. புகை மாதிரி மேலே எழுந்தது. கொஞ்ச நேரத்தில் அடியில் ஒன்றுமே இல்லை, எல்லாம் தானாகவே நீரில் கலந்திருந்தது. நான் டியூபை ஒரு முறை சாய்த்தேன், அவ்வளவுதான். உறையைக் கரைத்த ஈஸ்ட்டை ஓய்வில் விட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லோரும் கலக்கிவிட்டு ஓய்வில் விடுவார்கள். நீ கலக்காமலேயே விட்டிருக்கிறாய். வரிசையை மாற்றியிருக்கிறாய், வேறொன்றும் இல்லை. அது உனக்கு எப்போது தோன்றியது? முதலில் குழம்பைப் பார்த்துத் தோன்றியதா, வேறு எதையாவது பார்த்தா? கேட்க முடியவில்லையே என்று இருக்கிறது.

தட்டுகளை எடுத்துப் பார்க்கும் நாள் வந்தது. முதல் தட்டைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

காலனி, கஸ்தூரி! தட்டு நிறையக் காலனி! நான் "ஏ கஸ்தூரி!" என்று கத்தியதில் அடுத்த அறையிலிருந்து சார் செருப்பில்லாமல் ஓடிவந்தார், ஏதோ வெடித்துவிட்டது என்று நினைத்து. பிறகு இரண்டு துண்டுகள் சேரும் ஒவ்வொரு ஒட்டையும் தனித்தனியாகச் சோதித்தோம். துண்டும் துண்டும் சரியாகச் சேர்ந்திருந்தால் டிஎன்ஏவை ஓடவிட்டுப் பார்க்கும் ஜெல்லில் ஒரு பட்டை தெரிய வேண்டும். முதல் ஒட்டு, பட்டை. அடுத்தது, பட்டை. ஒன்றுகூட விடுபடாமல் கடைசி வரைக்கும் பட்டை. முகத்துவாரத்துச் சேற்றிலிருந்து நீ அள்ளி வந்த அந்த வித்தை, தலையிலிருந்து வால் வரை ஒரே நீளமாக, ஒரு ரொட்டி ஈஸ்ட்டுக்குள் இருந்தது. அந்த ஜெல் படத்தைப் பெரிதாக அச்செடுத்து உன் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்ன சொன்னார் தெரியுமா? "பரவாயில்லையே, உனக்கும் கைராசி வந்துவிட்டது!"

எனக்கு வந்த கோபத்தில் உன் மாதிரியே கையுறையைக் கழற்றினேன். எறியவில்லை. ஆனால் அங்கேயே நின்று சண்டை போட்டேன். "சார், நம்மைப் பார்க்காத ஒருவர், வேறு ஊரில், வேறு கையால் செய்யட்டும். வந்தால் அது முறை. அப்போது கஸ்தூரி பெயரை எங்கே போடுவது என்று பேசுவோம்." அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சரி என்றார். நீ பேசுகிற மாதிரியே இருந்திருக்கும்.

பெங்களூரில் சுமா என்று ஒருவர். ஈஸ்ட் வேலைதான், ஆனால் பெரிய துண்டுகள் அவருக்கு வந்ததே இல்லை. அவருக்குச் செய்முறையை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். அந்த ஒரு இடத்துக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. ஒரு முறை நான் அதை மொழிபெயர்த்துப் பட்டது போதாதா? அதனால் அந்த வார்த்தையை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. ஆங்கில எழுத்தில் 'குந்தவை' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே எழுதினேன்: கலக்காதே, ஆட்டாதே, தானாக அவிழும்வரை தொடாதே.

கொஞ்ச நாள் கழித்துச் சுமாவிடமிருந்து போன் வந்தது. அவர் தன் கன்னடம் கலந்த தமிழில் பொறுமையாக ஆரம்பித்தார்.

"மேடம், ஒரு சந்தேகா. இந்தக் குந்தவை, சோழ ராஜகுமாரி அல்லவா? அவங்களுக்கும் ஈஸ்ட்டுக்கும் என்ன சம்பந்தா?"

"ராஜகுமாரியா!" எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "அதெல்லாம் இல்லை மேடம். எங்கள் கஸ்தூரி பேசுகிற தமிழ் அது. குந்த வை. அப்படியே உட்கார விடு என்று அர்த்தம்."

"அய்யோ! எங்க ஊரில் உக்காருன்னா 'குந்த்கோ' அந்தாரே, அதேதானா! நான் இங்கே எல்லார்க்கும் ராணி கதை சொல்லிட்டேனே!"

"அது இருக்கட்டும் மேடம், தட்டு என்ன ஆச்சு?"

"ஓ, அது சொல்லலியா? தும்ப, நிறைய இருக்கு. எல்லாத் தட்டிலயும் இருக்கு."

ராணியை முதலில் கேட்டுவிட்டு என் உயிரைக் கடைசியில் கொடுத்தார் மகராசி. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இப்போது அந்தச் செய்திக்கு வருகிறேன். கட்டுரை வந்துவிட்டது. முதல் பெயர் உன்னுடையது. சார் தானே எழுதினார், நான் கேட்கவில்லை. என் பெயர் உனக்குப் பக்கத்தில், உன்னை இடித்துக்கொண்டுதான் இருக்கிறது. செய்முறையில் அந்தக் கட்டத்துக்கு முறையான பெயரே 'குந்தவை' என்று அச்சில் வந்துவிட்டது. இனி எந்த ஊரில் யார் இதைச் செய்தாலும் உன் மெட்ராஸ் தமிழில்தான் செய்தாக வேண்டும்.

முதல் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். உன் பெயரைக் காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

"இன்னா கண்ணு இது, பேருக்கு மேல சிலுவ போட்டுகீறாங்க? அவ எப்ப சர்ச்சுக்குப் போனா?"

இறந்துபோனவர்களின் பெயருக்கு மேல் அப்படி ஒரு சிறிய குறி போடுவார்கள் என்று சொன்னேன். அவர் எழுந்து போய்க் குங்குமச் சிமிழை எடுத்துவந்து, உன் பெயருக்குப் பக்கத்தில் மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்தார். "சிலுவ இருந்துட்டுப் போவட்டும். நம்மளதும் ஒண்ணு இருக்கட்டும்" என்றார்.

பெங்களூர்க் கதையைச் சொன்னேன். ராஜகுமாரியையும் சொன்னேன். சிரித்தார். திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவ கை படாமயே அங்க ஒருத்தி செஞ்சிட்டாளா?"

"ஆமாம்மா. யார் செய்தாலும் வருது."

"அப்ப என் பொண்ணு கைராசிக்காரி இல்லன்றியா?"

தெரு முழுக்க அவர் உன்னைக் கைராசிக்காரி என்றுதான் பெருமையாகச் சொல்லிவந்தார், உனக்குத்தான் தெரியுமே. அந்தப் பெருமையைப் பிடுங்க வந்தவளாக நான் நின்றேன். அவசரப்படாமல், நீ சாரிடம் சொன்னதையே அவரிடம் சொன்னேன். வலை போடுகிறவர் கதையைச் சொன்னேன். ராசி என்றால் அது அவள் கையோடு போயிருக்கும்மா, இது அவள் யோசித்துச் செய்த வேலை, அதனால்தான் எங்கேயும் போகவில்லை என்றேன்.

உன் அம்மா குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றினார். பொட்டு வைத்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கைதான் பூட்ச்சு. அவ வேல இங்கதான் கீதுன்ற."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் முந்தானையால் தன் கண்ணையும் என் கண்ணையும் சேர்த்துத் துடைத்தார். "சரி சரி, அய்வாத. இன்னாத்துக்கு நின்னுகினே கீற? குந்து, நாஸ்டா துன்னுட்டுப் போ" என்றார். உட்கார்ந்தேன். இட்லியும் வடகறியும். குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி அதையும் தின்னப் பார்த்தது.

சார் இப்போது அடுத்ததற்குத் துடிக்கிறார். இதைவிட நீளமானதைச் சேர்க்க வேண்டுமாம். அந்தக் குந்தும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்தால் வேலை சீக்கிரம் முடியுமே என்றும் கேட்கிறார். நேரத்தைக் குறைத்துச் சோதித்துப் பார்க்கலாம், அது அறிவியல், நான் மறுக்க மாட்டேன். ஆனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். டியூப் எவ்வளவு நேரம் குந்தினாலும் அவ்வளவு நேரம் நானும் குந்துவேன். கணினிக்குப் போக மாட்டேன், போனை எடுக்க மாட்டேன். உன் ஸ்டூலில் உட்கார்ந்து, அண்ணி மகள் என்ன சேட்டை செய்தாள், உன் ஹாரன் எந்தத் தெருவில் மாட்டிக்கொண்டது என்று ஒவ்வொன்றாக உனக்குச் சொல்வேன். இந்தக் கடிதம் முழுவதும் அப்படி எழுதியதுதான். இதோ, அடியில் இருந்தது அவிழ்ந்துவிட்டது. நான் எழுந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் ஸ்டூலை யாருக்கும் விட்டுக்கொடுக்காத
உன் மாமு